உன் மகள் தடுத்த அடி

அன்புள்ள மகன் குமாருக்கு,

நலமாக இருக்கிறாயா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. நீ பக்கத்து அறையில்தான் தூங்குகிறாய். ஃபேன் சத்தத்தையும் மீறி உன் குறட்டை கேட்கிறது. காலை மணி பதினொன்று. நைட் ஷிப்ட் முடித்து ஏழரைக்கு வந்தாய், இரண்டு தோசை தின்றாய், யார் முகத்தையும் பார்க்காமல் படுத்துவிட்டாய். இந்த வீட்டில் மனுஷர்கள் பேசிக்கொண்டு இன்றோடு மூன்று நாள். நான் வாயெடுத்தால், "யம்மா, அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு எனக்குப் பாடம் எடுக்காத" என்கிறாய். சரி. அந்த அஞ்சாங்கிளாஸில் எழுதவும் சொல்லிக்கொடுத்தார்கள். பேத்தி இனியாவின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் டிபன் பையில், தயிர்சாத டப்பாவுக்கு அடியில் வைத்துவிடுவேன். ஷிப்டில் சாப்பிட உட்காரும்போது படி. அங்கே நீ பாதியில் எழுந்து போக முடியாது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இனியாவுக்குப் பச்சை பெல்ட் டெஸ்ட். நீயோ கராத்தே கிளாஸே கிடையாது என்று சொல்லிவிட்டாய். உன் பெண்டாட்டி கவிதா மறுபேச்சு பேசாமல் அந்த வெள்ளை டிரஸ்ஸை மடித்துப் பரணில் ஏற்றிவிட்டாள். பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மூன்று நாளாக நுனிக்காலில் நடக்கிறாள். தண்ணீர்க் குழாயை நூல் மாதிரி திறந்து வைத்துப் பாத்திரம் கழுவுகிறாள். தும்மல் வந்தால் தலையணையைத் தேடி ஓடுகிறாள். அந்த நடையை நான் நன்றாக அறிவேன். இந்த வீட்டில் அதைக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

வடலூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊர் நிலக்கரிச் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, அடுத்த வீட்டு அக்காதான் எனக்குக் குடித்தனம் பழக்கினார். வந்த அன்றே கையில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றார். "அடுப்பு, அலமாரி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்டி. மொதல்ல கதவு கீல்ல எண்ண வுடு. உங்க வூட்டுக்காரரு நைட்டு முடிச்சிகினு வந்து படுத்தா கதவு கிறீச்சுங்கக் கூடாது." அன்றைக்குத் தொடங்கினேன். குக்கர் விசில் வருவதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடுவேன். அம்மியில் அரைப்பதை அவர் டூட்டிக்குப் போன பிறகு வைத்துக்கொள்வேன். எங்கள் பிளாக்கில் எந்த வீட்டில் நைட் ஷிப்ட் என்று அறிய யாரையும் கேட்க வேண்டாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் நடப்பதைப் பார்த்தாலே போதும். நீ பிறந்து தவழ ஆரம்பித்ததும் உன் கால் கொலுசைக் கழற்றி வைத்தவள் நான். நீ பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னால், உதட்டில் விரல் வைத்து "ஷ்ஷ்" சொல்லக் கற்றுக்கொண்டாய். வந்தவர்களிடம் எல்லாம் அதைச் செய்துகாட்டச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மூன்று ஷிப்ட் மாறி மாறி மண்ணும் கரியும் வெட்டிவிட்டு வந்த மனுஷனுக்குத் தூக்கம் வேண்டும், அதில் தப்பில்லை. ஆனால் ஒரு பிள்ளையின் சத்தத்தை எடுத்துத்தான் அந்தத் தூக்கத்தைக் கொடுத்தேன் என்பது இவ்வளவு வருஷம் எனக்கு உறைக்கவில்லை.

உறைக்கவைத்தது உன் மகள்தான். அவளுக்கு எட்டு வயது நடந்தபோது, மூச்சு இரைப்பதற்குக் காட்டிய டாக்டர், பிள்ளையை வெளியே ஓடியாட விடுங்கள் என்றார். பூங்காவுக்குப் பக்கத்து மைதானத்தில் சாயங்காலம் ஒரு பெண் கராத்தே சொல்லிக்கொடுக்கிறாள் என்று நான்தான் அழைத்துப் போனேன். மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆளை எதிர்பார்த்துப் போனேன். நாற்பது வயதுப் பெண், குட்டையாக, தலையில் கனகாம்பரம். முதல் மாதம் முழுக்க அடி, உதை எதுவும் கிடையாது. குதிரைமேல் உட்காருவது மாதிரி முட்டியை மடக்கி நிற்கச் சொன்னாள். கீழே விழச் சொன்னாள். தலை தரையில் மோதாமல் விழவும், விழுந்த வேகத்தில் எழவும் பழக்கினாள். இதற்கா வந்தோம் என்று எனக்கு எரிச்சல். விழுவதற்கு ஒரு கிளாஸா!

இரண்டாவது மாதம் குத்துவிடப் பழக்கினாள். ஒவ்வொரு குத்துக்கும் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல். இருபது பிள்ளைகள் "ஹேய்" என்று கத்தினால் மரத்திலிருக்கும் காக்கை எல்லாம் பறக்கும். இனியா மட்டும் வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மாஸ்டர் கிட்டே வந்தாள்.

"இன்னா பாப்பா, மத்தியானம் சாப்புடலியா?"

"சாப்ட்டேன் மாஸ்டர்."

"அப்புறம் இன்னாத்துக்கு சத்தம் வரல?"

"அப்பா தூங்கிகினு இருக்காரு."

பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். ஒரு பையன், "உங்க வூடு எங்க கீது, கிரவுண்டு எங்க கீது! உங்கப்பா காத கழட்டி இங்க வச்சிட்டுப் போயிருக்காரா?" என்றான். மாஸ்டர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்கடா. எங்கப்பாவும் மைன்ஸ்ல நைட்டு ஷிப்ட்டுதான். நான் கத்தறதுக்கு ஒரு வருஷம் ஆச்சு" என்றாள். அடுத்த ஐந்து வாரம் இனியா வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஆறாவது வாரம் ஒருநாள் சத்தம் வந்தது, நாய்க்குட்டி குரைக்கிற மாதிரி, சின்னதாக. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிமெண்ட் பெஞ்சிலிருந்து எழுந்து, உதட்டில் விரலை வைத்து "ஷ்ஷ்" என்றேன். பழக்கம்! மாஸ்டர் மைதானத்து அந்தப் பக்கத்திலிருந்து கையைத் தட்டி, "ஆயா! அந்த வெரல கீழ எறக்குங்க" என்றாள். அத்தனை பிள்ளைகள் முன்னால் மானம் போயிற்று. போகட்டும்.

மூன்று வருஷமாகிறது. வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பெஞ்சில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தவள் நான். நீ உன் ஷிப்டில் இருந்தாய். அதனால் நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. அவள் கழுத்து நிமிர்ந்தது. சாதத்தைக் கோழி மாதிரி கொத்திக்கொண்டிருந்தவள் இரண்டாவது முறை கேட்டு வாங்கினாள். கராத்தே மூச்சிரைப்பைக் குணமாக்கிவிட்டது என்று சொல்கிற முட்டாள் இல்லை நான். டாக்டர் கொடுத்த இன்ஹேலரை இன்றும் வாயில் வைத்து இழுக்கிறாள். ஆனால் மூச்சு இரைக்கும்போது முன்பெல்லாம் கண்ணை உருட்டிக்கொண்டு என் சேலையைப் பிடித்து இழுப்பாள். இப்போது உட்கார்ந்து, கண்ணை மூடி, மெதுவாக மூச்சை விடுகிறாள், "பயப்படாத ஆயா, போயிடும்" என்று எனக்குத் தைரியம் சொல்கிறாள். கணக்கில் மார்க் ஏறியது என்றும் பொய் சொல்ல மாட்டேன். கணக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் கணக்கு வராவிட்டால் நோட்டைத் தூக்கி எறிந்தவள், இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு அரைமணி நேரம் அதே கணக்கோடு மல்லுக்கு நிற்கிறாள்.

கெட்டதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பேத்திப் பெருமை என்பாய். மஞ்சள் பெல்ட் வாங்கிய புதிதில் அவளுக்குத் தலைக்கனம் ஏறியது. பின்வீட்டுப் பையன் ஏதோ கிண்டல் செய்தான் என்று அவன் முழங்காலில் உதைத்துவிட்டாள். பையன் அம்மா வந்து, "பொம்பள புள்ளைக்கு இது தேவையா?" என்று வாசலில் நின்று கேட்டாள். நான் பேத்திக்குப் பரிந்து பேசினேன். அந்தப் பையன் அம்மா நேராக மாஸ்டரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். மாஸ்டர் ஒன்றும் திட்டவில்லை. மஞ்சள் பெல்ட்டை அவிழ்த்து வாங்கிக்கொண்டு, பழைய வெள்ளை பெல்ட்டைக் கட்டி, நேற்று சேர்ந்த பொடிசுகளோடு கடைசி வரிசையில் ஒரு மாதம் நிறுத்தினாள். "தடுக்கறதுக்குத்தான் கத்துக் குடுத்தேன். மொத அடி உன்னுதா இருந்தா நான் உனக்கு மாஸ்டர் இல்ல." அன்று சாயங்காலமே இனியா என்னை இழுத்துக்கொண்டு போய், அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டாள். பெற்ற நீயும் வளர்த்த நானும் செய்யாததை அந்தக் கனகாம்பரக்காரி ஒரு வெள்ளைத் துணியை வைத்துச் செய்தாள்.

போன வருஷம் பண்ருட்டியில் போட்டி நடந்ததே, முதல் சுற்றிலேயே தோற்றாள். மூக்கில் அடிபட்டு ரத்தம். நான் பதறி எழுந்தேன். அவள் எதிரில் நின்ற பெண்ணைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். பஸ் ஸ்டாண்டில்தான் அழுதாள். பலாச்சுளை வாங்கிக் கொடுத்தேன். அழுகையும் சுளையுமாகப் பாதித் தட்டு தீர்ந்ததும், "அந்தக்கா இடது கால தூக்கும்போது தோள ஆட்டுறாங்க ஆயா. அடுத்த தடவ பாத்துக்குறேன்" என்றாள். குமாரு, தோற்ற பிறகு அடுத்த தடவை என்று சொல்ல எனக்கு என் பத்து வயதில் தெரியாது. உனக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஸ்கூல் லீவு. நீ டபுள் டியூட்டி பார்த்துவிட்டு எப்போதும் வராத நேரத்தில் வந்து படுத்ததை அவள் அறியவில்லை. பின்பக்கம் முருங்கை மரத்தடியில் டெஸ்டுக்குப் பழகிக்கொண்டிருந்தாள். கத்தினாள். நல்ல கத்தல், அடிவயிற்றுக் கத்தல். நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண் சிவக்க வந்தாய். "மனுசன் தூங்கறதா வாணாவா?" என்று கையை ஓங்கினாய். அவள் இடது கை மேலே போனது. உன் மணிக்கட்டு அவள் முழங்கையில் வந்து நின்றது. நான் கையில் முருங்கைக் கீரையோடு நின்றேன், கவிதா கதவோரம்.

"அப்பன எதுத்துக் கை தூக்குறியா? இதுக்குத்தான் அனுப்பிகினு இருக்கோமா? இனிமே கிளாஸும் கெடையாது, ஒண்ணும் கெடையாது" என்றாய்.

நீ பார்த்தது அவ்வளவுதான். நான் பார்த்ததைச் சொல்கிறேன். அவள் வலது கை இடுப்பில் இருந்தது. மூன்று வருஷமாக, தடுத்த மறுவிநாடி வலது கையால் குத்தத்தான் பழக்கியிருக்கிறார்கள். அந்தக் கை அசையவில்லை. இடது கையையும் உடனே இறக்கினாள். ஒரு எட்டுப் பின்னால் போனாள். "சாரிப்பா, நீ வந்தது தெரியாதுப்பா" என்றாள், இரண்டு கையையும் தொங்கவிட்டுக்கொண்டு. அப்போது நீ அடித்திருந்தால் தடுத்திருக்க மாட்டாள். நீ அடிக்கவில்லை. உன் கையை நீயே பார்த்தாய், திரும்பி உள்ளே போனாய். அதையும் நான் பார்த்தேன். உன்மேல் எனக்கு அந்த விநாடி மரியாதை வந்தது. ஏனென்றால், இதே மாதிரி ஒரு நாளில் உன் அப்பாவின் கை நிற்கவில்லை. நிற்காததற்குக் காரணம் நான்.

உன் முன்பல்லில் ஒரு மூலை இல்லை. சைக்கிளில் விழுந்தேன் என்று இனியாவிடம் சொல்லியிருக்கிறாய். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது நானும் அதைத்தான் சொன்னேன். நீ உண்மையாகவே அப்படி நம்புகிறாயா, இல்லை என்னைக் காப்பாற்றச் சொல்கிறாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இன்று எழுதிவிடுகிறேன். உனக்கு ஒன்பது வயது. பம்பரத்தைச் சிமெண்ட் தரையில் விட்டாய். உன் அப்பா நைட் முடித்து வந்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். எழுந்து வந்து கையை ஓங்கினார். நீ இரண்டு கையாலும் முகத்தை மூடினாய். எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும். பின்னால் நின்ற நான் உன் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக் கீழே இழுத்தேன். "அப்பா அடிக்கும்போது கைய தூக்குறியா? எறக்குடா!" கையால் தடுத்தால் அவருக்குக் கோபம் கூடும், வாங்கிக்கொண்டால் ஒரு அடியோடு போய்விடும் என்று நினைத்தேன். மரியாதை என்றும் நினைத்தேன். அடி கன்னத்தில் விழுந்தது. நீ சாய்ந்து கதவு நிலையில் வாயை மோதிக்கொண்டாய். கையை நான் விட்டிருந்தால் நிலையைப் பிடித்துக்கொண்டிருப்பாய்.

மருந்து போட்டவரிடம் சைக்கிளில் விழுந்தான் என்று சொன்னோம். அப்போது உனக்குச் சைக்கிளே கிடையாது. அடுத்த மாதம் உன் அப்பா ஒரு சின்ன சிவப்புச் சைக்கிள் வாங்கி வந்து நிறுத்தினார். தினமும் ஷிப்டு முடித்து வந்து, தூங்காமல், மரநிழல் ரோட்டில் சீட்டைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் ஓடினார். அதன் பிறகு அவர் உன்மேல் கை வைத்ததே இல்லை. அவர் தன் தப்பை அப்படிக் கழித்தார். என் தப்பு என்னிடமே இருந்தது.

அந்தத் தப்பு உன்னோடு வளர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காண்ட்ராக்டில் இருந்த எட்டு வருஷமும் யார் எதற்குத் திட்டினாலும் தலையைக் குனிந்து நின்றாய். பர்மனென்ட் ஆன பிறகும் ஆள் வரவில்லை என்று போன் வந்தால், காய்ச்சலோடு டபுள் டியூட்டிக்குக் கிளம்புகிறாய். "முடியாதுன்னு சொல்லேண்டா" என்றால், "சொல்ல வாய் வரலம்மா" என்கிறாய். எப்படி வரும்? வாயில் விரலை வைத்தவளும் நான், கையை இழுத்துப் பிடித்தவளும் நான். அங்கே திருப்பித் தர முடியாததை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு வந்து முருங்கை மரத்தடியில் இறக்குகிறாய். நீ கெட்டவன் இல்லை. நீ களைத்தவன். ஆனால் உன் களைப்பை வாங்கிக்கொள்ள இனியா பிறக்கவில்லை.

அவளுக்குப் பதினொரு வயது. நாளைக்கு ஸ்கூல் விட்டு வரும் வழியில், பஸ்ஸில், வேலைக்குப் போகும் இடத்தில், கட்டிக்கொண்டு போகும் வீட்டில் யாராவது கையை ஓங்கினால், அந்தக் கை அவள் முகத்தில் விழ வேண்டுமா, முழங்கையில் நிற்க வேண்டுமா? நீயே சொல். வெளி ஆளிடம் தடுக்கட்டும், வீட்டில் வாங்கிக்கொள்ளட்டும் என்று பிள்ளையின் உடம்புக்குப் பிரித்துச் சொல்லிக்கொடுக்க முடியாது குமாரு. வீட்டில் இறக்கிய கை வெளியிலும் இறங்கித்தான் கிடக்கும். அதற்கு உன்னைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

உனக்குத் தூக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் ஷிப்ட் அட்டவணையை எழுதிக் பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். நீ படுத்திருக்கும் நேரம் அவள் மைதானத்தில் போய்ப் பழகட்டும், நான் கூடப் போகிறேன். திடீரென்று டபுள் டியூட்டி வந்தால் ஒரு போன் போட்டுச் சொல். அது நீ செய்ய வேண்டியது. சத்தம் போடாமல் இருப்பது அவள் செய்ய வேண்டியது. இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் கிளாஸை நிறுத்துவது நடக்காது. நான் இந்த வீட்டில் எதையும் நடக்காது என்று இதுவரை சொன்னதில்லை. அறுபத்து நான்கு வயதில் இதுதான் முதல் தடவை. நாய்க்குட்டி மாதிரி தொடங்கிய சத்தம் அது, பொறுத்துக்கொள்.

இன்று காலை ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து டிரஸ்ஸை எடுத்துவிட்டேன். கவிதா பார்த்தாள். தடுக்கவில்லை; ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். "கீழ வுழுந்துடாதீங்க அத்த" என்றாள். விழுந்தால் எப்படி விழுவது என்று மூன்று வருஷம் பார்த்திருக்கிறேன் என்றேன். மூன்று நாளில் இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அவளுடையது. நீ புரண்டு படுத்தாய். நாங்கள் இருவரும் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டோம்.

இந்தக் கடிதத்தோடு டெஸ்ட் பாரம் ஒன்று மடித்து வைத்திருக்கிறேன். கீழே பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்று ஒரு கோடு இருக்கிறது. அதில் நீ கையெழுத்துப் போட்டு, காலையில் காலி டப்பாவோடு கொண்டுவா. ஞாயிற்றுக்கிழமை காலை நைட் முடித்து வந்ததும் படுக்காதே. முகம் கழுவிக்கொண்டு மைதானத்துக்கு வா. என் பெஞ்சில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது. உன்னைப் பார்த்ததும் அவள் குரல் அடங்கப் பார்க்கும். அப்போது நீ அங்கிருந்தே, எல்லார் முன்னாலும், "கத்துடா கண்ணு" என்று சொல்ல வேண்டும். உன் வாயால். அது அவளுக்கு எந்த பெல்ட்டையும்விடப் பெரியது. சொல்லிப் பார்த்தால் உனக்கும் வாய் வரும்.

பாரம் காலியாகத் திரும்பி வந்தால் நான் சண்டை போட மாட்டேன். பெற்றோர் என்பதை அடித்துவிட்டு, பாதுகாவலர் இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். உனக்கு அன்று இல்லாமல் போன பாதுகாவலர் உன் மகளுக்கு இருக்கட்டும். ஒன்பது மணிக்கு அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் மைதானத்தில் நிற்பேன். மணிக்கட்டைப் பிடித்து இழுக்க மாட்டேன், விரலைத்தான் பிடித்திருப்பேன். அவள் பெயரைக் கூப்பிட்டதும் அதையும் விட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா